கிளிப்பா, அலைனரா? அதற்கு முன் பார்க்க வேண்டியவை

பிள்ளையின் பல்வரிசை கோணலாக இருக்கிறது, சரிசெய்யலாம் என்று பேச்சு எழுந்ததுமே வீட்டில் வரும் முதல் கேள்வி, கம்பி கிளிப் போடுவதா, அவ்வளவாக வெளியே தெரியாத பிளாஸ்டிக் தட்டான அலைனர் போடுவதா என்பதுதான். பதின்வயதுப் பிள்ளைக்கு அது சின்னக் கேள்வி இல்லை. அதை வாயில் வைத்துக்கொண்டு வகுப்பில் பேசப்போவதும், படம் எடுக்கும்போது சிரிக்கப்போவதும் அந்தப் பிள்ளைதான். ஆனாலும் அதைக் கடைசியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கோளாறு பல்லிலா தாடையிலா, உடல் வளர்ச்சி இன்னும் எவ்வளவு மிச்சம், பிள்ளைக்கு இதில் மனம் இருக்கிறதா: இந்த மூன்றும் தெளிவானால் கருவிகளின் பட்டியல் தானே சுருங்கிவிடும். பலருக்கு அப்போது ஒன்றோ இரண்டோ வழிகள்தான் மிஞ்சும். அந்த இரண்டுக்குள் எது என்று முடிவெடுப்பது அவ்வளவு கடினமில்லை.

பல்லா, தாடையா

பல்வரிசைக் கோளாறு என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். பற்களுக்கு இடம் போதாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பது, நடுவே சந்து விழுவது, மேல் முன்பற்கள் எத்திக்கொண்டிருப்பது, மேல்வரிசை கீழ்வரிசையை முழுக்க மூடிக் கடிப்பது, வாயை மூடினாலும் முன்பற்கள் தொடாமல் திறந்தே நிற்பது, கீழ்ப்பற்கள் மேல்பற்களுக்கு வெளியே கடிப்பது, கோரைப்பல் அண்ணத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்வது என்று அதற்குள் பல சிக்கல்கள் இருக்கின்றன. ஒருவருக்கே இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கும்.

அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1899-இல் வகுத்த பிரிவைத்தான் மருத்துவர்கள் இன்றும் சொல்கிறார்கள். மேல், கீழ் முதல் கடைவாய்ப்பற்கள் எப்படிப் பொருந்துகின்றன என்பதே அதன் அளவுகோல். அவை சரியாகப் பொருந்தி, முன்னால் மட்டும் நெரிசலோ சந்தோ இருந்தால் முதல் வகை. கீழ்வரிசை பின்தங்கியிருந்தால் இரண்டாம் வகை; எத்துப்பல் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதில் அடங்கும். கீழ்வரிசை முந்திக்கொண்டிருந்தால் மூன்றாம் வகை.

இந்தப் பிரிவு பற்களின் பொருத்தத்தை மட்டுமே சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. இரண்டாம் வகைக்காரர் இருவரில் ஒருவருக்குக் கீழ்த்தாடையே சிறுத்திருக்கலாம். மற்றவருக்குத் தாடைகள் சரியாக இருந்து மேல்பற்கள் மட்டும் முன்னால் சாய்ந்திருக்கலாம். கண்ணாடியில் இருவருக்கும் ஒரே மாதிரி எத்துப்பல்தான் தெரியும். முகத்தைப் பக்கவாட்டில் பரிசோதித்து, தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் அளந்து பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும். அந்த அளவீடு எதுவும் இல்லாமல், முன்பற்களைப் பார்த்த உடனேயே கருவியின் பெயரைச் சொல்லும் இடத்தில் நான் அவசரப்பட மாட்டேன்.

வளர்ச்சி எவ்வளவு மிச்சம்

பல்லை எந்த வயதிலும் நகர்த்தலாம். நாற்பதிலும் ஐம்பதிலும் கிளிப் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். தாடை அப்படியில்லை. வளரும் தாடையைக் கொஞ்சம் அகலப்படுத்தலாம், கொஞ்சம் வழிநடத்தலாம். வளர்ச்சி நின்றபின் அதே மாற்றத்துக்கு அறுவைசிகிச்சை தேவைப்படும். அதனால்தான் தாடைக் கோளாறில் காலம் முக்கியமாகிறது. வெறும் நெரிசலில் அவ்வளவு முக்கியமில்லை.

உயரம் வேகமாகக் கூடும் காலம் பெண்பிள்ளைகளுக்குச் சராசரியாக 11, 12 வயதில் உச்சத்தைத் தொடுகிறது. ஆண்பிள்ளைகளுக்கு அது ஏறக்குறைய 2 ஆண்டு தள்ளி வருகிறது. ஆகவே 13 வயது என்ற எண் மட்டும் எதையும் சொல்லாது. மாதவிடாய் தொடங்கிச் சில காலம் ஆன 13 வயதுப் பெண்ணுக்கு உச்சம் கடந்திருக்கும். அதே வயதுப் பையனுக்கு அது அப்போதுதான் வந்துகொண்டிருக்கும். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கழுத்தெலும்புகளின் வடிவத்தைப் பார்த்து மருத்துவர் ஓரளவு கணிப்பார். வீட்டிலும் ஒரு தகவலைத் திரட்டிக்கொண்டு போகலாம்: கடந்த ஓராண்டில் பிள்ளை எவ்வளவு உயர்ந்திருக்கிறது, காலணி அளவு மாறிக்கொண்டே இருக்கிறதா என்று. மருத்துவருக்கு இது உதவும்.

7 வயதுக்குள் ஒருமுறை பல் சீரமைப்பு நிபுணரிடம் காட்டிவிடுங்கள் என்று அமெரிக்கப் பல் சீரமைப்பு நிபுணர்கள் சங்கம் பரிந்துரைக்கிறது. அது அந்த வயதிலேயே கருவி மாட்டுவதற்காக இல்லை. அப்படிக் காட்டிய பிள்ளைகளில் பலருக்கு, இன்னும் சில ஆண்டு கழித்து வாருங்கள் என்பதே பதிலாக இருக்கும். காட்டத் தவறியவர்கள் வருந்தத் தேவையில்லை. ஞானப்பல் தவிர மற்ற நிரந்தரப் பற்கள் பெரும்பாலும் முளைத்துவிடும் 12, 13 வயதுதான் முழுமையான சிகிச்சைக்கு வழக்கமான தொடக்கம்.

இப்போது வேண்டாம் என்பதும் ஒரு வழி

எதைப் போடுவது என்று பேசும் இடங்களில், போடாமல் இருப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. பிரிட்டனில் 1989-இல் உருவாக்கிய ஓர் அளவுகோல் சிகிச்சைத் தேவையை 5 படிகளாகப் பிரிக்கிறது. மேல் முன்பற்கள் 9 மில்லிமீட்டருக்கு மேல் எத்தியிருப்பதும், பல் எலும்புக்குள் சிக்கிக்கொண்டிருப்பதும் 5-ஆம் படி. லேசான கோணல்கள் 1, 2. அந்நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பு 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 4, 5-ஆம் படிகளுக்குச் சிகிச்சை தருகிறது; 3-ஆம் படியில், தோற்றமும் குறிப்பிட்ட அளவுக்குப் பாதித்திருந்தால் தருகிறது. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் சரி, உங்கள் பிள்ளை இந்த அளவில் எந்தப் படி என்று மருத்துவரிடம் கேட்கலாம். அந்த ஓர் எண் பல பயங்களைத் தணிக்கும்.

வீண் பயங்கள் நிறையவே உலவுகின்றன. கோணல் பல்லைச் சரிசெய்யாவிட்டால் எல்லாம் சொத்தையாகிவிடும் என்பார்கள். சொத்தைக்கும் நெரிசலுக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது. இனிப்பும் துலக்காமல் விடுவதும்தான் பெரிய காரணங்கள். இப்போது கிளிப் போடாவிட்டால் பின்னாளில் தாடை மூட்டு வலி வரும் என்பார்கள். பல் சீரமைப்பு தாடை மூட்டுக் கோளாறைத் தடுப்பதாகவோ உண்டாக்குவதாகவோ ஆய்வுகள் காட்டவில்லை. ஞானப்பல் முளைத்தால் முன்பற்களைத் தள்ளிக் கோணலாக்கும், அதனால் முன்கூட்டியே பிடுங்கிவிட வேண்டும் என்பதற்கும் போதிய சான்று இல்லை.

காத்திருந்தால் உண்மையாகவே கெடுதல் வரும் நிலைகளும் உண்டு. மேல் முன்பற்கள் மிகவும் எத்தியிருந்தால், விழுந்தாலோ பந்து பட்டாலோ முதலில் அடிபடுவது அவைதான். கீழ்ப்பற்கள் மேல் அண்ணத்து ஈறைக் குத்திப் புண்ணாக்கும் ஆழமான கடி, கடிக்கும்போது தாடை ஒருபக்கம் நழுவும் குறுக்குக்கடி, வெளியே வராத கோரைப்பல் ஆகிய மூன்றையும் தள்ளிப்போடக் கூடாது.

இவற்றுக்கு நடுவே பெரும்பான்மைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். உடல்நலக் காரணம் அவசரப்படுத்தாது, தோற்றம்தான் காரணம். அது அற்பக் காரணம் என்று நான் எண்ணவில்லை. பல்லைக் கிண்டல் செய்தார்கள் என்று கைவைத்து வாயை மூடிச் சிரிக்கும் பிள்ளைக்குச் சிகிச்சை பெரிய விடுதலை. ஆனால் அது பிள்ளையின் விருப்பமாக இருக்க வேண்டும். பெற்றோருக்குத்தான் குறை தெரிகிறது, பிள்ளை அதைப் பொருட்படுத்தவே இல்லை என்றால், பல்லை மட்டும் நகர்த்தும் சிகிச்சையை ஓரிரு ஆண்டு தள்ளிவைப்பதில் இழப்பு எதுவும் இல்லை. விருப்பமில்லாமல் தொடங்கிய கிளிப், சரியாகத் துலக்காத வாயில் ஒன்றரை, இரண்டு ஆண்டு இருக்கும். அது வெறும் கோணல் பல்லைவிட மோசமான நிலை.

தாடைக்கான கருவிகள்

மேல்தாடை குறுகலாக இருந்தால், அண்ணத்தில் ஸ்க்ரூ வைத்த விரிப்பான் ஒன்றைப் பொருத்துவார்கள். அண்ணத்தின் நடுவே ஓடும் எலும்பு இணைப்பு சிறுவயதில் இறுகாமல் இருக்கும். வீட்டில் பெற்றோர் சாவியால் ஸ்க்ரூவைத் திருக, ஒவ்வொரு திருகலுக்கும் பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் அகலம் கூடும். சில நாட்களில் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சந்து விழும். பார்த்தவுடன் பதறிவிடுவார்கள்; அது எலும்பு விலகுவதன் நல்ல அறிகுறி, பிறகு தானே மூடிக்கொள்ளும். திருகுவது சில வாரங்களில் முடிந்துவிடும், ஆனால் விலகிய இடத்தில் புது எலும்பு நிரம்பும்வரை கருவி மாதக்கணக்கில் வாயிலேயே இருக்க வேண்டும். பதின்வயதின் நடுப்பகுதியைத் தாண்டினால் இணைப்பு பின்னிக்கொள்ளத் தொடங்கும். அப்போது எலும்பில் ஊன்றிய சிறு ஸ்க்ரூக்களின் துணையோ, வயது கூடினால் அறுவைசிகிச்சையோ வேண்டியிருக்கும். 12 வயதில் எளிதாக முடிவது 18-இல் பெரிய வேலையாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இந்தத் துறையில் இல்லை.

பின்தங்கிய கீழ்த்தாடைக்கு இரண்டு பெயர்கள் அதிகம் காதில் விழும். ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் 1977-இல் உருவாக்கிய ட்வின் பிளாக் ஒன்று. மேலுக்கும் கீழுக்கும் தனித்தனியாகக் கழற்றி மாட்டும் இரண்டு பிளேட்டுகள். அவற்றில் உள்ள சரிவுகள், கடிக்கும்போதெல்லாம் கீழ்த்தாடையை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். மற்றொன்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் எமில் ஹெர்ப்ஸ்ட் வடிவமைத்த ஹெர்ப்ஸ்ட். இது பல்லில் ஒட்டியே இருக்கும், பிள்ளையால் கழற்ற முடியாது.

இரண்டையும் 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் ஒப்பிட்டு, 2003-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் முடிவு வெளியிட்டார்கள். சிகிச்சையை முடித்தவர்களிடம் பலனில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ட்வின் பிளாக் போட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பாதியில் விட்டுவிட்டார்கள். ஹெர்ப்ஸ்ட்டில் அப்படி விட்டவர்கள் எட்டில் ஒருவர்தான். ஹெர்ப்ஸ்ட்டுக்குப் பழுதுபார்க்கும் வருகைகள் அதிகம். என்னைக் கேட்டால் இந்த ஆய்வு இந்தக் கருவிகளைத் தாண்டியும் ஒன்றைச் சொல்கிறது: கழற்றும் கருவி எதையும் தேர்வதற்கு முன், இந்தப் பிள்ளை அதை மாட்டிக்கொண்டே இருக்குமா என்று நேர்மையாக யோசிக்க வேண்டும்.

இவை கீழ்த்தாடையை "வளர்த்துவிடும்" என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். முன்பற்களின் தூக்கல் குறைவது உண்மை. பக்கத் தோற்றம் மேம்படுவதும் உண்டு. ஆனால் அந்த மாற்றத்தில் பெரும்பங்கு பற்கள் சாய்வதால் வருவது. தாடை கூடுதலாக வளர்வது சிறு பங்குதான். எத்துப்பல்லுக்குச் சின்ன வயதிலேயே ஒரு சுற்று, பதின்வயதில் மறு சுற்று என்று இரண்டு கட்டமாகச் செய்வதா, பதின்வயதில் ஒரே கட்டமாகச் செய்வதா என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டு 2018-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வின்படி, முன்கூட்டியே தொடங்குவது முன்பற்களில் அடிபடும் வாய்ப்பைக் குறைக்கிறது. அது தவிர வேறு தனிப் பலன் தென்படவில்லை. விளையாட்டில் அடிக்கடி விழும் பிள்ளைக்கு அந்த ஒரு பலனே போதுமான காரணமாகலாம். மற்றவர்கள் காத்திருக்கலாம்.

கீழ்வரிசை முந்தும் மூன்றாம் வகைக்கு, முகத்துக்கு வெளியே மாட்டி மேல்தாடையை முன்னிழுக்கும் கருவி 10 வயதுக்குள் நன்றாக வேலைசெய்யும். பதின்வயதில் அந்தக் காலம் பெரும்பாலும் கடந்திருக்கும். லேசானது என்றால் பற்களைச் சாய்த்து மறைக்கலாம். கடுமையானது என்றால் வளர்ச்சி முழுக்க நிற்கும்வரை பொறுத்திருந்து, கிளிப்பும் அறுவைசிகிச்சையும் சேர்த்துச் செய்வதுதான் வழி. கீழ்த்தாடை இருபதை ஒட்டியும் வளரக்கூடும், குறிப்பாக ஆண்களுக்கு. 14 வயதில் பற்களைச் சாய்த்து மறைத்துவிட்டால், தாடை மேலும் வளர்ந்து அறுவைசிகிச்சை தேவைப்படும்போது அந்தச் சாய்வையெல்லாம் முதலில் திருப்பி எடுக்க வேண்டியிருக்கும்.

ஒட்டி வைக்கும் கிளிப்

பல்லில் ஒட்டிய சிறு பிடிகளான பிராக்கெட்டுகளும் அவற்றைக் கோக்கும் கம்பியும்தான் இன்றும் பதின்வயதினருக்கான அடிப்படைச் சிகிச்சை. தொடக்கத்தில் மெல்லிய நிக்கல் டைட்டானியம் கம்பி. வளைத்தாலும் தன் பழைய வடிவத்துக்கே திரும்பும் அதன் குணம் பற்களை மெதுவாக வரிசைக்கு இழுக்கும். பிறகு தடித்த எஃகுக் கம்பிகள் வந்து பற்களின் நடுவேயுள்ள சந்துகளை மூடும், வேரின் சாய்வைத் திருத்தும். பல்லின் ஒருபக்கம் அழுத்தம் விழும் இடத்தில் எலும்பு கரைகிறது, மறுபக்கம் புது எலும்பு உருவாகிறது. இது உயிருள்ள திசுவின் வேலை. மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் பல் நகரும். அதிக விசை கொடுத்தால் வேகம் கூடாது, வேருக்குத்தான் கேடு. அதிர்வுக் கருவி வைத்தால் சீக்கிரம் முடியும் என்ற விளம்பரங்களுக்கும் நம்பத்தக்க சான்று இல்லை. சராசரியாக 20 மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். பல் பிடுங்கிச் செய்வதும் சிக்கிய பல்லை இழுப்பதும் இன்னும் நீளும்.

கிளிப்பின் பெரிய பலம், அது பிள்ளையின் ஞாபகத்தை நம்பி இல்லை என்பது. இரவும் பகலும் வேலை செய்துகொண்டே இருக்கும். திரும்பி நிற்கும் பல்லைச் சுழற்றுவது, உயரத்தில் நிற்பதைக் கீழிறக்குவது, வேரோடு நகர்த்துவது எல்லாவற்றிலும் மருத்துவருக்கு முழுக் கட்டுப்பாடு கிடைக்கும். ரப்பர் பேண்டு மாட்டச் சொன்னால் மட்டும் அது பிள்ளையின் பொறுப்பு.

கம்பி மாற்றிய முதல் இரண்டு மூன்று நாள் வலி இருக்கும், கன்னத்தில் புண் வரும், மெழுகு வைத்துச் சமாளிக்கலாம். நான் அதிகம் கவலைப்படுவது வலியைப் பற்றி இல்லை, வெள்ளைத் தழும்புகளைப் பற்றி. பிராக்கெட்டைச் சுற்றி அழுக்குப் படிந்தால் எனாமலில் சுண்ணாம்புச் சத்து கரைந்து வெள்ளைத் திட்டு விழும். சரியாகத் துலக்காத வாயில் சில வாரங்களிலேயே அது தொடங்கிவிடும். கிளிப்பைக் கழற்றும் நாளில், வரிசை அழகாகி முன்பற்களில் நிரந்தரமாகத் திட்டுகள் இருந்தால் பிள்ளைக்கு எவ்வளவு ஏமாற்றம்! ஃபுளோரைடு பற்பசை, பிராக்கெட்டுக்கு இடையே நுழையும் சிறு பிரஷ், இனிப்புப் பானங்களைத் தவிர்ப்பது ஆகியவை இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதி. இவற்றுக்குப் பிள்ளை தயாரில்லை என்றால் தொடங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

வேரின் நுனி கொஞ்சம் கரைவது பலருக்கும் நடக்கும். பெரும்பாலும் பாதிப்பு தெரியாது. கடுமையாகக் கரைவது 100 பேரில் 1 முதல் 5 பேருக்கு. சிகிச்சையின் நடுவே ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்களா என்று முன்பே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.

கிளிப்பிலேயே வகைகள் உண்டு. உலோக பிராக்கெட் உறுதியானது, செலவு குறைவு, உடைவதும் குறைவு. பல் நிறத்திலான செராமிக் எடுப்பாகத் தெரியாது. ஆனால் எளிதில் விள்ளும், எதிர்ப்பல் அதன்மேல் கடித்தால் அந்தப் பல்லின் எனாமல் தேயும். அதனால் மேல்வரிசைக்கு மட்டும் செராமிக், கீழே உலோகம் என்று கலந்து போடுவதுண்டு. தோற்றம் உறுத்தும் பிள்ளைக்கு இது நல்ல நடுவழி. தானாகப் பூட்டிக்கொள்ளும் பிராக்கெட் வேகமாக முடியும், வலி குறைவு, பல் பிடுங்க வேண்டாம் என்று சொல்லி விற்கப்படுகிறது. ஒப்பீட்டு ஆய்வுகளில் இந்த மேன்மைகள் நிலைநிற்கவில்லை. அதற்காகக் கூடுதல் பணம் கேட்டால் மறுத்துவிடலாம். பல்லின் உட்புறம் ஒட்டும் கிளிப் யாருக்கும் தெரியாது. நாக்கு புண்ணாகும், சில வாரம் பேச்சு குழறும், செய்யத் தெரிந்தவர்கள் குறைவு, செலவு மிக அதிகம். பதின்வயதில் அதற்கு அரிதாகவே காரணம் இருக்கிறது.

அலைனர்

அமெரிக்காவில் 1997-இல் தொடங்கிய அலைன் டெக்னாலஜி நிறுவனத்தின் இன்விசலைன்தான் இந்த வகையைப் பரப்பியது. இப்போது பல நிறுவனங்கள் செய்கின்றன. பல்வரிசையை ஸ்கேன் எடுத்து, கணினியில் படிப்படியாக நகர்வைத் திட்டமிட்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் தட்டு. ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒரு தட்டு ஒரு பல்லை ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் நகர்த்தும். பிடிப்புக்காகப் பல்லில் பல் நிறத்தில் சிறு மேடுகள் ஒட்டுவார்கள். ஆகவே "எதுவுமே தெரியாது" என்பது முழு உண்மை இல்லை.

நன்மைகள் மெய்யானவை. கழற்றிவிட்டுச் சாப்பிடலாம், பல்லை வழக்கம்போல் துலக்கலாம், ஈறு நலமாக இருக்கும். கம்பி குத்தும் தொல்லை இல்லை. லேசானது முதல் நடுத்தரம் வரையான நெரிசலுக்கும் சந்துக்கும் நல்ல பலன் தரும்.

திரையில் காட்டும் முடிவுப் படத்தை மட்டும் அப்படியே நம்பக் கூடாது. திட்டமிட்ட நகர்வில் எவ்வளவு பல்லில் நடந்தது என்று அளந்த ஆய்வுகள் உள்ளன. 2009-இல் வெளியானதில் சராசரி 41%. அதே முறையில் 2020-இல் செய்ததில் 50%. உருண்டையான கோரைப்பல்லையும், அதற்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே உள்ள முன்கடைவாய்ப்பல்லையும் சுழற்றுவது, பல்லை வெளியே இழுப்பது, பிடுங்கிய இடத்தை வேர் சாயாமல் மூடுவது ஆகியவற்றில் பிளாஸ்டிக் திணறுகிறது. அதனால்தான் முதல் தொகுதி முடிந்தபின் மறுபடி ஸ்கேன் எடுத்து இரண்டாம், மூன்றாம் தொகுதி போடுகிறார்கள். அந்தக் கூடுதல் தொகுதிகள் முதலில் பேசிய கட்டணத்துக்குள் அடங்குமா என்று கேட்காமல் தொடங்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும். சாப்பிடவும் துலக்கவும் மட்டுமே கழற்றலாம். இடைவேளையில் கழற்றி மேசையில் வைத்து மறந்துவிடும் பிள்ளை, ஒரு தட்டைத் தொலைத்துவிட்டுச் சொல்லப் பயப்படும் பிள்ளை, இவர்களுக்கு அலைனர் மாதங்களை வீணாக்கும். பதின்வயதினருக்கான சில தட்டுகளில் அணிந்த நேரத்துக்கேற்ப நிறம் மங்கும் அடையாளப் புள்ளி இருக்கிறது. உதவும்தான், ஆனால் அதைவைத்துத் தினமும் வீட்டில் விசாரணை நடக்குமானால் கம்பியே நிம்மதி.

மருத்துவரை நேரில் பார்க்காமல், வீட்டிலேயே அச்செடுத்துத் தபாலில் தட்டுகளை வரவழைக்கும் முறையைப் பிள்ளைகளுக்கு நான் அறவே ஏற்க மாட்டேன். எக்ஸ்ரே இல்லாமல் சிக்கிய பல்லும் தெரியாது, வேரின் நிலையும் தெரியாது. இந்த வழியில் பெரிதாக வளர்ந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, சிகிச்சையின் நடுவிலிருந்தவர்கள் அப்படியே நிற்க வேண்டியதாயிற்று. இதைவிட ஆபத்தானது, பற்களின் நடுவே உள்ள சந்தை மூட ரப்பர் பேண்டைப் பல்லில் தானே சுற்றிக்கொள்வது. அது நழுவி ஈறுக்குள் ஏறி வேரைச் சுற்றிய எலும்பை அரித்து, நல்ல பல்லையே விழச்செய்யும். இணையத்தில் இதைக் கற்றுத்தரும் காணொளிகளைப் பார்த்து முயலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் ஒருமுறை வெளிப்படையாகச் சொல்லிவையுங்கள்.

பல் பிடுங்கலாமா

நல்ல பல்லை ஏன் பிடுங்க வேண்டும் என்று மனம் பதறுவது இயல்பு. இந்தச் சண்டை நூறாண்டுக்கு மேல் பழையது. ஆங்கிள் பிடுங்கவே கூடாது என்றார். அவருடைய மாணவர் சார்லஸ் ட்வீட், பிடுங்காமல் முடித்த பலருக்குப் பற்கள் மீண்டும் குலைந்ததைக் கண்டு, முன்கடைவாய்ப்பற்களை எடுத்து மறுபடி சிகிச்சை செய்தார். இன்று இரண்டு பக்கமும் கொள்கையாக நிற்பவர்கள் குறைவு, பெரும்பாலும் அளந்து முடிவெடுக்கிறார்கள். ஒரு வரிசையில் பற்களுக்கான இடப் பற்றாக்குறை 4 மில்லிமீட்டருக்குள் என்றால் பிடுங்கத் தேவை அரிது. எனாமலை ஓரங்களில் இழைத்தோ சற்று அகலப்படுத்தியோ இடம் காணலாம். 10 மில்லிமீட்டரைத் தொட்டால் பெரும்பாலும் பிடுங்காமல் முடியாது. நடுவே இருப்பவர்களுக்கு உதட்டின் நிலை, ஈறின் தடிமன், முகத்தின் பக்கத் தோற்றம் ஆகியவை தீர்மானிக்கும். இங்கேதான் இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்பது மிகவும் பயன்படும். பிடுங்குவதே இல்லை என்று விளம்பரம் செய்பவரும், எல்லோருக்கும் நான்கு பல் என்று எழுதித்தருபவரும் அளக்காமல் பேசுகிறார்கள்.

நிரந்தரப் பல்லை எடுப்பது பற்றியதுதான் இந்தப் பதற்றமெல்லாம். பால்பல்லை எடுப்பது வேறு, அது சில பிள்ளைகளைப் பெரிய சிகிச்சையிலிருந்தே காப்பாற்றும். 10 வயதில் மேல் கோரைப்பல்லின் புடைப்பு ஈறில் கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாமல், எக்ஸ்ரேயில் அது அண்ணத்தின் பக்கம் திசைமாறிப் போவது தெரிந்தால், பால் கோரைப்பல்லைப் பிடுங்கி வழிவிடலாம். சுவீடன் ஆய்வாளர்கள் 1988-இல் 10 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம் இப்படிச் செய்ததில், 46 கோரைப்பற்களில் 36 தாமாகவே சரியான பாதைக்குத் திரும்பின. விட்டுவிட்டால், ஈறைத் திறந்து பல்லில் சங்கிலி ஒட்டி மாதக்கணக்கில் இழுக்க வேண்டியிருக்கும். பக்கத்துப் பல்லின் வேரை அது அரித்துவிடவும் கூடும்.

யாருக்கு எது

12 வயது, மேல்தாடை குறுகல், குறுக்குக்கடி என்றால் யோசிக்க அதிகமில்லை: விரிப்பான் முதலில், கிளிப் பிறகு. 13 வயதுப் பையன், எத்துப்பல், கீழ்த்தாடை பின்தங்கல், உயரம் இப்போதுதான் கூடத் தொடங்குகிறது என்றால் தாடைக் கருவிக்கு இதுவே காலம். பொறுப்பாக மாட்டுவான் என்றால் ட்வின் பிளாக், சந்தேகம் என்றால் ஹெர்ப்ஸ்ட். 15 வயதுப் பெண், லேசான நெரிசல், தன் பொருட்களைத் தானே பத்திரமாக வைத்துக்கொள்பவள், கம்பி வேண்டவே வேண்டாம் என்கிறாள்: அலைனர் தாராளமாகப் போடலாம், வேறுபாடு செலவில்தான். அதே பெண்ணுக்குக் கடும் நெரிசலும் திரும்பிய கோரைப்பற்களும் இருந்தால், மேலே செராமிக், கீழே உலோகம் என்று நான் பேசிப் பார்ப்பேன். ஈறு வீங்கி, துலக்கும்போது ரத்தம் வருகிறது என்றால் யாருக்கும் எதுவும் வேண்டாம். முதலில் ஈறைக் குணப்படுத்துங்கள்.

செலவை ஒப்பிடும்போது கருவியின் விலையை மட்டும் பார்க்காமல், ஸ்கேன், எக்ஸ்ரே, உடைந்த பிராக்கெட், தொலைந்த தட்டு, சரிசெய்த பற்களை நகராமல் பிடித்துவைக்கக் கடைசியில் வரும் ரிடெய்னர் எல்லாம் சேர்ந்த மொத்தத்தை எழுத்தில் வாங்குங்கள். இரண்டு ஆண்டுக்குள் ஊர் மாற வேண்டிய குடும்பம் என்றால் அதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பாதியில் வரும் சிகிச்சையை ஏற்கப் பல இடங்களில் தயங்குவார்கள்.

ரிடெய்னர்

எந்த வழியில் சரிசெய்தாலும் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், முன்கடைவாய்ப்பல் பிடுங்கிச் சிகிச்சை பெற்ற 65 பேரை ரிடெய்னரை நிறுத்திப் 10 ஆண்டு கழித்துப் பார்த்து 1981-இல் எழுதினார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கீழ் முன்பற்கள் மறுபடி கோணலாகியிருந்தன. சிகிச்சையே பெறாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்கும். ஆகவே ரிடெய்னரைச் சில மாத விஷயமாக நினைக்கக் கூடாது. முதலில் மருத்துவர் சொல்லும் நேரம், பிறகு இரவுகளில், வரிசை அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்பும் காலம்வரை.

பல்லின் உட்புறம் ஒட்டும் மெல்லிய கம்பி, கழற்றி மாட்டும் தெளிந்த தட்டு, கம்பி வைத்த பழைய பாணி பிளேட் என்று மூன்று வகை. மறதிக்காரப் பிள்ளைக்கு ஒட்டிய கம்பி நல்லது. ஆனால் அதன் அடியில் காரை படியும், துலக்குவதில் தனிக் கவனம் வேண்டும். தெளிந்த தட்டைச் சூடான நீரில் கழுவினால் வளைந்துவிடும், சில ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகச் செய்ய வேண்டும். தட்டு தொலைந்தால் அடுத்த பரிசோதனை வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த வாரமே அழையுங்கள். ஒட்டிய கம்பி ஒரே ஒரு பல்லில் மட்டும் விட்டுப்போனால் வலியே இருக்காது, கம்பியும் வாயில்தான் இருக்கும். அந்த ஒரு பல் மட்டும் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு பல்லிலும் கம்பி ஒட்டியிருக்கிறதா என்று விரல் நகத்தால் தொட்டுப் பார்க்கப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள்.